பசு சினை பிடிக்க உதவும் நுண்பைகள்

கன்று ஈன்று ஐந்து மாதம் ஆகிறது. மூன்று முறை சினை ஊசி போட்டாயிற்று. பசு மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்துகிறது. இத்தகைய வேளையில் ஊசியைக் குறை கூறுவது பலருக்கு வழக்கம். சில சமயம் அது காரணமாகவும் இருக்கலாம். ஆனால் கருமுட்டை வலுவின்றி வெளிவந்தால் எவ்வளவு நல்ல விந்தும் பயன் தராது. ஒவ்வொரு தவறுக்கும் 21 நாள் தீவனச் செலவு வீணாகிறது. அடுத்த கறவையும் அவ்வளவு நாள் தள்ளிப் போகிறது.

கருமுட்டை எப்படி வலுப் பெறுகிறது என்பது பற்றி அண்மை ஆண்டுகளில் புதிய செய்திகள் தெரிய வந்துள்ளன.

முட்டை வளரும் கொப்புளம்

பசுவின் சினைப்பைகளில் நீர் நிறைந்த சிறு கொப்புளங்கள் உண்டாகின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கருமுட்டை இருக்கும். ஒரு பருவச் சுழற்சியில் இரண்டு அல்லது மூன்று முறை இவை கூட்டமாக வளரும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று மட்டும் பெரிதாகும், மற்றவை சுருங்கிவிடும். கடைசிக் கூட்டத்தில் பெரிதாவது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளிவிடும். கொப்புளத்தில் நீர் சேரத் தொடங்கியது முதல் இந்நிலையை அடையச் சுமார் 40 நாட்கள் ஆகின்றன.

கொப்புளத்தின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் கிடையா. முட்டைக்கு வேண்டியவை எல்லாம் சுற்றியுள்ள நீர் வழியாகவும், அதை ஒட்டியுள்ள உயிரணுக்கள் வழியாகவுமே வர வேண்டும்.

தூக்குச் சட்டி போன்ற நுண்பைகள்

அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் ஏராளமாக மிதக்கின்றன. பத்தாயிரம் பைகளை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் நீளந்தான் வரும். வயலில் வேலை செய்பவருக்கு வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் கஞ்சி போவது போல, ஓர் உயிரணுவிலிருந்து மற்றோர் உயிரணுவுக்கு இவை புரதங்களையும் வேறு பொருள்களையும் கொண்டு செல்கின்றன.

இவ்வகைப் பைகள் 1983-ஆம் ஆண்டு செம்மறி ஆட்டின் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்தபோது தெரிய வந்தன. உயிரணு தனக்கு வேண்டாததை வெளியே தள்ளும் வழி என்றே அப்போது கருதினர். பசுவின் கொப்புள நீரிலும் இவை உண்டு என்பதும், வேலை செய்கின்றன என்பதும் பின்னரே தெரிந்தது. சிறு கொப்புளங்களிலிருந்து எடுத்த பைகள் சுவர் உயிரணுக்களை மிகுதியாகப் பெருகச் செய்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-இல் கண்டனர். பைகளுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்கள் இருப்பதையும், அவை கொப்புளத்தின் பலவகை உயிரணுக்களிலிருந்து வருவதையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டனர்.

வெப்பமும் முட்டையும்

பசுவின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். ஆய்வுக்கூடத்தில் முட்டைகளை 41 டிகிரியில் வைத்தால், அவற்றிலிருந்து உருவாகும் கருக்கள் குறைகின்றன. கொப்புள நீரின் நுண்பைகளைச் சேர்த்தபோது இந்தப் பாதிப்பு தணிந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இது ஆய்வுக்கூடச் செய்தியே. இப்பைகளைப் பசுவுக்கு மருந்தாகக் கொடுக்கும் முறை எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. அப்படி யாராவது விற்க வந்தால் ஏமாற வேண்டாம். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. ஊசி போடும் நாளில் வெளிவரும் முட்டை பல வாரங்களுக்கு முன்பிருந்தே ஊட்டம் பெற்று வந்தது. சித்திரை வெயிலில் வாடிய பசு ஆனி மாதத்தில் சினை பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியவை

* ஊசி போடும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பசுவைக் கவனிக்க வேண்டும். ஈன்றவுடன் பால் கூடும்போது தீவனமும் கூட வேண்டும். உடல் மெலிய விடக்கூடாது.

* இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் அடர் தீவனமும், நாள்தோறும் பசுந்தீவனமும், 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுக்கலாம்.

* கோடையில் மர நிழலில் கட்டுவது நல்லது. கொட்டகைக் கூரை மேல் தென்னங்கீற்று பரப்பலாம். குடிக்கக் குளிர்ந்த நீர் எப்போதும் இருக்க வேண்டும். பகலில் இரண்டு மூன்று முறை உடல் மீது நீர் தெளிக்கலாம். கலப்பினப் பசுக்களுக்கு இது மிகவும் அவசியம்.

* காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். முட்டை வெளிவருவது பருவ அறிகுறிகள் அடங்கிச் சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்தே.

* மூன்று முறை போட்டும் சினை பிடிக்காவிட்டால், நான்காவது ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருப்பையையும் சினைப்பைகளையும் சோதிக்க வேண்டும். வழும்பு கலங்கலாகவோ சீழ் கலந்தோ வந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

* பருவம் திரும்பவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவு செய்துவிடாமல், ஊசி போட்ட இரண்டு முதல் மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இன்று கொடுக்கும் தீவனமும் நிழலும் இன்றைய பாலுக்கு மட்டும் அல்ல. நாற்பது நாள் கழித்து வெளிவரும் முட்டைக்கும் சேர்த்தே.