சினிமாவுக்கு வந்த அந்நிய முதலீடும் நம் கடைகளும்

சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு என்றதும் நாம் கடையடைப்பு நடத்துகிறோம், நடத்தத்தான் வேண்டும். ஆனால் அதே முதலீடு நமக்கு முன்பே சினிமாவில் நுழைந்ததை நம்மில் பலர் கவனிக்கவில்லை.

முன்பெல்லாம் சினிமாவுக்கு வங்கிகள் கடன் தருவதில்லை. பைனான்சியர் பணம், விநியோகஸ்தர் முன்பணம், தியேட்டர்காரர் தரும் மினிமம் கியாரண்டி, இவற்றில்தான் படம் வளர்ந்தது. நம் காஞ்சி செங்கல்பட்டு ஏரியாவில் சேர்ந்தது. 1990 வாக்கில், அப்பாவின் பருப்பு மண்டியில் உட்கார்ந்திருந்த இளவயதில், நாமும் ஒரு விநியோகஸ்தரிடம் கொஞ்சம் பணம் போட்டோம் (அப்பாவுக்குத் தெரியாமல்தான்!). படம் இரண்டாவது வாரத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் அந்த மனிதர் இரண்டு வருடம் தவணை தவணையாக அசலைக் கொண்டுவந்து தீர்த்தார். ஒரே ஊர். கருடசேவையன்று எதிரில் வந்தால் முகம் கொடுத்துப் பேச வேண்டுமே!

1998-ல் மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்தது. 2002-ல் நிபந்தனைகளை நீக்கி, 100 சதவிகித அந்நிய முதலீட்டை முன் அனுமதி இல்லாமலே வர விட்டது. பாக்ஸ் ஸ்டார் நிறுவனம் ஏ.ஆர். முருகதாஸுடன் கூட்டு சேர்ந்து ‘எங்கேயும் எப்போதும்’ (2011), ‘ராஜா ராணி’ (2013) படங்களைத் தயாரித்தது. ‘முகமூடி’, ‘தாண்டவம்’ படங்களை எடுத்த யுடிவி, 2012-ல் டிஸ்னியின் கைக்குப் போனது. நல்லதையும் சொல்ல வேண்டும்: எழுத்துமூல ஒப்பந்தம், முறையான தணிக்கை எல்லாம் இவர்களோடு பரவின. புது இயக்குநர்களுக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

பிறகு? 2016-ல் டிஸ்னி இந்திப் படத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. 2019-ல் உலக அளவில் பாக்ஸையே டிஸ்னி வாங்கியது. 2024-ல் டிஸ்னியின் இந்திய வியாபாரம் ரிலையன்ஸுடன் இணைந்தது. முடிவெல்லாம் எங்கோ ஒரு போர்டு அறையில். கோடம்பாக்கத்தை யாரும் கேட்கவில்லை. விதியிலும் கேட்கச் சொல்லவில்லை.

நம் தொழிலுக்கான 2012-ஆம் ஆண்டு விதி வேறு மாதிரி. பலசரக்குப் போன்ற பலவகைச் சில்லறைக் கடைகளில் 51 சதவிகிதம்தான். அதற்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். குறைந்தது 10 கோடி டாலர் கொண்டுவர வேண்டும். 30 சதவிகிதக் கொள்முதல் சிறு தொழில்களிடம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாநில அரசு சம்மதிக்க வேண்டும். அன்று ஜெயலலிதா அரசு மறுத்தது. ஆன்லைன் வழியாகப் பின்வாசலில் வருவது தனிக் கதை.

மாநிலச் சம்மதம் என்ற அந்த ஒரு வரி இருக்கும்வரை நாம் கோட்டைக்கு எடுத்துப்போகும் மனுவுக்கு மதிப்புண்டு. சினிமாக்காரர்களுக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவே இல்லை.