வாய்க்கால் வாயில் நிற்கும் கடல்

சிங்கப்பூரில் மதிய வேளைகளில் வானம் திடீரெனக் கறுத்துக் கொட்டித் தீர்ப்பது வழக்கம். கால்வாய்கள் நிரம்பி ஓடும் அந்தத் தண்ணீருக்குக் கடைசிப் போக்கிடம் கடல். கடல் வற்றமாக இருக்கும் நேரமென்றால் கவலையில்லை. ஏற்றமாக இருந்தால்? கால்வாயின் வாயைவிடக் கடல் உயர்ந்து நிற்க, வெளியேற வந்த மழைநீர் தெருவுக்கே திரும்பும்.

கடல் மட்ட உயர்வு என்றதும் கரையைத் தாண்டும் அலைதான் நம் நினைவுக்கு வருகிறது. கடலோர நகரத்துக்கு இந்த அடைப்பும் அதே அளவு ஆபத்து. சிங்கப்பூரின் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லாதது. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது 2024இல் வெளியான அந்நாட்டின் பருவநிலை ஆய்வு.

இதற்கு ஒரு விடை 2008 முதலே அங்கு இயங்கிவருகிறது: மரினா அணைக்கட்டு. 350 மீட்டர் நீளம், ஒன்பது மதகுகள். மழை பெய்து கடல் வற்றியிருந்தால் மதகுகளைத் திறந்தாலே போதும், நீர் தானாக வடிந்துவிடும். கடல் ஏறியிருந்தால் மதகுகளை மூடிவிட்டு ஏழு ராட்சத பம்புகளை ஓட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் நீரை வெளியேற்றும். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் நான்கை ஒரே நொடியில் காலி செய்வதற்குச் சமம் அது. சைனாடவுன், ஜாலான் புசார் போன்ற தாழ்வான பகுதிகள் வெள்ளத்திலிருந்து தப்பிக்க இது பெரிதும் உதவுகிறது. அணைக்கு உட்புறம் தேங்குவதோ நன்னீர்; அது நகரத்தின் குடிநீருக்கும் ஆகிறது. வெள்ளத்துக்காகக் கட்டிய ஒன்று வெள்ளமில்லாத நாளிலும் பயன்படுவதுதான் இதன் பெரிய சிறப்பு.

மற்ற வேலைகளில் பல, நிலத்தை உயர்த்தும் வேலைகள். கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலம் 3 மீட்டருக்குப் பதிலாக 4 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும் என்று 2011இல் விதி மாறியது. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 5.5 மீட்டர் உயரத்தில் அமைகிறது. கரையோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 10,000 கோடி வெள்ளி தேவைப்படலாம் என்று 2019இல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நாட்டு மக்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பு பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வந்தது. வடிகாலைக் கவனிக்கும் அதே அமைப்பு கடலையும் கவனிப்பது சரியான முடிவு. மழையும் கடலும் சேர்ந்தே வரும்போது இரண்டையும் இரு அலுவலகங்கள் பங்கிட்டுக்கொள்வது சரிவராது.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைதான் கடினமான இடம். அங்கே நெடுகச் சுமார் 3 மீட்டர் உயரச் சுவர் எழுப்பி, பன்னிரண்டு இடங்களில் மதகும் பம்பும் வைப்பது ஒரு வழி. ஆனால் மாலை நேரத்தில் குடும்பத்தோடு வந்து உட்காரும் மணல்வெளியைச் சுவர் மறைத்துவிடும். எனவே 2023இல் வேறொரு திட்டத்தை அறிவித்தார்கள்: கடலுக்குள் சுமார் 800 ஹெக்டேரில் ‘லாங் ஐலண்ட்’ என்ற உயரமான புதுநிலம், அதற்கும் பழைய கரைக்கும் நடுவே ஒரு நன்னீர்த் தேக்கம். மரினாவில் செய்ததையே இன்னும் பெரிதாகச் செய்யும் முயற்சி இது. ஆய்வுகளுக்கு மட்டுமே ஐந்து ஆண்டுகள் ஒதுக்கியிருக்கிறார்கள். நிலம் எழுந்து முடியப் பல பத்தாண்டுகள் ஆகும்.