எழுத்தொன்று, சொற் பல

பட்டு நெய்வோன் கையில் உள்ள நூல்களின் நிறங்கள் சிலவே. அவை பாவிலும் ஊடையிலும் நிற்கும் முறை வேறுபடுதலால் சேலைகள் பலவாகின்றன. சொற்களின் இயல்பும் இத்தகையதே. எழுத்து ஒன்றும் குறையாமலும் மிகாமலும், நின்ற நிலை மாத்திரம் மாறி ஒரு சொல் வேறொரு சொல்லாவதை ஆங்கிலேயர் 'அனகிராம்' என்பர். நாம் அதனை 'எழுத்து மாற்று' என வழங்குவோம். வெறும் பொழுதுபோக்கென்று பலர் இதனை எண்ணுவர். ஒரு மொழியின் உள்ளமைப்பை அறிதற்கு இது நல்லதொரு கருவியாம் என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், காஞ்சி மாநகரின் தொழிலோடு இயைந்த ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைக் காண்போம். கீழே ஒவ்வொரு வரியிலும் உள்ள சொற்கள் ஒரே எழுத்துக்களால் ஆனவை.

வார்ப் – பாவு. ராப் – போர்த்து.
ரீட் – தறியின் அச்சு. டியர் – மான்.
ஸாட்டின் – பளபளப்பான துணிவகை. ஸ்டெயின் – கறை. ஸெயின்ட் – தூயோர்.
த்ரெட் – நூல். ஹேட்ரெட் – பகை. டெர்த் – பஞ்சம்.
டின்ஸல் – மினுக்குச் சரிகை. லிஸன் – செவிகொடு. ஸைலென்ட் – ஓசையற்ற. என்லிஸ்ட் – படையிற் சேர். இன்லெட்ஸ் – கடற்கழிகள்.

ஆறு எழுத்துக்களை 720 வகையாக நிறுத்தலாம். அவற்றுள் பொருள் தருவன இங்ஙனம் ஒருசிலவே. இன்னுமொன்று நோக்கத்தக்கது. 'லிஸன்' என்னும் சொல்லில் ஒலியாது நிற்கும் 'டீ' என்னும் எழுத்து, 'ஸைலென்ட்' என்பதில் தெளிவாக ஒலிக்கின்றது. எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்றாக இருத்தல் ஆங்கிலத்தின் இயல்பு என்பது இதனாற் புலனாகும்.

சொற்களேயன்றிச் சொற்றொடர்களும் இவ்வாறு மாறுவதுண்டு. மாணாக்கர் துயிலும் கூடத்தைக் குறிக்கும் 'டார்மிட்டரி' என்னும் சொல்லின் எழுத்துக்களைக் கலைத்து அடுக்கினால் 'டர்ட்டி ரூம்', அஃதாவது அழுக்கறை, என்று வரும். விடுதி மாணாக்கர் இதனை மறுத்துரைக்க வேண்டுவது துடைப்பத்தாலேயன்றி வாயாலன்று. 'லெவன் ப்ளஸ் டூ' என்பதன் எழுத்துக்களே 'ட்வெல்வ் ப்ளஸ் ஒன்' என்பதிலும் உள்ளன. பதினொன்றும் இரண்டும் பதின்மூன்று. பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று. எழுத்தும் ஒத்துத் தொகையும் ஒத்தது வியப்பன்றோ!

இவ்விளையாட்டால் மாணாக்கர்க்கு விளையும் பயன் யாது? தேர்வில் நேரும் எழுத்துப் பிழைகளுள் ஒருவகை, உள்ள எழுத்தையே நிலைமாற்றி எழுதுதலால் வருவது. கோணத்தைக் குறிக்கும் 'ஆங்கிள்' என எழுதப் புகுந்து, தேவதூதனைக் குறிக்கும் 'ஏஞ்சல்' என எழுதுவார் உளர். 'குவயட்' என்பது அமைதி. 'குவைட்' என்பது முற்றிலும். 'டயரி' என்பது நாட்குறிப்பு. 'டெய்ரி' என்பது பாற்பண்ணை. பிழைபட்டதும் ஒரு சொல்லாகவே நிற்றலின், திரும்பப் படிக்குங்கால் கண் அதனைக் கடந்துபோம். இத்தகைய இணைகளை அருகருகே எழுதிப் பொருளோடு கற்பவர் அவ்விடரினின்று தப்புவர்.

இனி, தமிழில் இது நிகழுமோ எனின், நிகழும். வதம், தவம் என்னும் இரண்டும் ஒரே எழுத்துக்களால் ஆனவை; ஒன்று கொலை, மற்றொன்று நோன்பு. கபடம் வஞ்சனை, படகம் ஒரு பறை. நகரம் என்பதில் நடுவெழுத்து இரண்டும் இடம் மாறினால் நரகமாம்! தெருக்களையும் ஏரிகளையும் காவாத ஊர்க்கு இவ்வெழுத்து மாற்று ஓர் எச்சரிக்கையாகும்.

ஆயினும் ஆங்கிலத்தைப்போல் இவை தமிழில் மிகுதியாக இல்லை. அதற்குக் காரணம் தமிழின் வறுமையன்று, எழுத்திலக்கணத்தின் செறிவே. உயிர்மெய்யைத் தமிழர் ஓரெழுத்தாகவே எண்ணுவர். மேலும், எவ்வெழுத்து மொழிக்கு முதலில் வரும், எவ்வெழுத்து இறுதியில் நிற்கும், எம்மெய் எம்மெய்யோடு மயங்கும் என்பவற்றைத் தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. நகரம் என்பதன் நான்கு எழுத்துக்களுக்கும் 24 நிலைகள் உண்டு. மகர மெய் முதலில் வாராது. இங்கே பிற எழுத்துக்களோடு மயங்குதற்கும் இடமின்மையால் இறுதியிலன்றி நில்லாது. ரகரம் தமிழ்ச் சொற்கு முதலாகாது. இவ்விரண்டையும் நோக்கக் கழிந்தன போக எஞ்சுவன நான்கே. அந்நான்கனுள் இரண்டு பொருள் தருகின்றன.

உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து நோக்கினால் வேறொரு வாயில் திறக்கும். 'பிதா', 'பாதி' என்பன பார்வைக்கு ஓரெழுத்தும் ஒவ்வாதவை. பிரித்தால் ப், இ, த், ஆ என்னும் நான்குமே இரண்டிலும் உள்ளன. 'விழா', 'வாழி' என்பனவும் அவ்வாறே. எழுத்தென்பது யாதென இலக்கணம் கூறுவதை மாணாக்கர் மனத்திற் பதிப்பதற்கு இதனினும் எளிய வழி அரிது.

எழுத்தைக் கொண்டு வித்தை காட்டுதல் காஞ்சிக்குப் புதிதன்று. பல்லவர் காலத்தில் இந்நகரில் வாழ்ந்த தண்டி, வடமொழியில் இயற்றிய காவியாதர்சத்தின் மூன்றாம் பகுதியில் இத்தகைய சித்திரக்கவிகளை விரித்துரைத்தார். அவருடைய தசகுமார சரிதத்தில் ஒருவன், காதலியால் உதடு புண்பட்டமையால், உதடு ஒட்டிப் பிறக்கும் எழுத்துக்களை முற்றும் விலக்கித் தன் கதையைக் கூறுகின்றான். காவியாதர்சத்தைத் தழுவித் தமிழில் எழுந்த தண்டியலங்காரம் மாலைமாற்று, கரந்துறைச் செய்யுள், அக்கரச்சுதகம் முதலியவற்றை வகுக்கின்றது. முதலிலிருந்து படிப்பினும் ஈற்றிலிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார்.

புதிர்க் கவிகளின் பயனாகத் தண்டி மூன்றினைக் குறிக்கின்றார்: அறிஞர் கூடி விளையாடுதல், பலர் நடுவே மறைபொருள் பேசுதல், பிறரை மயக்குதல். இவற்றுள் மறைபொருட் பயனை மேனாட்டு அறிஞர் நன்கு கைக்கொண்டனர். 1610-இல் கலீலியோ சனிக்கோளைப் பற்றித் தாம் கண்டதை எழுத்துக்களைக் கலைத்து அனுப்பினார். கண்ட உரிமையும் காக்கப்படும், செய்தியும் வெளிப்படாது. கெப்ளர் அவ்வெழுத்துக்களை வேறுவிதமாக அடுக்கிச் செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டெனப் படித்தார். அது கலீலியோ கருதியதன்று. ஆயினும் 1877-இல் செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்களே கண்டறியப்பட்டன! வில்லின் விசை பற்றிய தம் விதியை ராபர்ட் ஹூக் 1676-இல் இவ்வாறே மறைத்து வெளியிட்டு, 1678-இல் விளக்கினார்.

நிலை மாறப் பெயர் மாறும் என்னும் இவ்வுண்மையைக் கணித நூலாரும் கண்டனர். 1150-இல் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதி, திருமாலின் நான்கு கைகளில் சங்கும் சக்கரமும் கதையும் தாமரையும் மாறிமாறி அமைதலால் எத்தனை திருவுருவங்கள் ஆகும் என வினவுகின்றது. விடை 24. கேசவன் முதலாகக் கூறப்படும் திருநாமங்களும் 24 அன்றோ! சிவபெருமானின் பத்துக் கைகளிலுள்ள படைகளை மாற்றினால் வருவன 36,28,800 என்பதும் அந்நூலின் கணக்கு.

ஒன்றை மாத்திரம் மறத்தலாகாது. எழுத்து வித்தையுள் ஒன்றாகிய மடக்கைத் தண்டியே முற்றும் இனியதென்று கொண்டாரல்லர். அதனைப் பின்னரே கூறுவதற்கென ஒதுக்கி வைத்தார். வித்தை கவிதையாகிவிடாது. எனினும், நூலின் முறையறியாதவன் நெசவறியான். எழுத்தின் முறையறியாதவன் மொழியறியான். ஆதலின் நம் மாணாக்கர் ஓய்வு நேரத்தில் ஆங்கிலச் சொல்லொன்றும் தமிழ்ச் சொல்லொன்றும் எடுத்து மாற்றிப் பார்ப்பாராக. அகராதியும் இலக்கணமும் அவர்க்கு இனியவாகும்.