இயந்திரப் பூதத்துக்குக் கை எதற்கு?

சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவில், ரோபோ கை செய்ய வரும் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு சர்வோ மோட்டார்களைத்தான் கேட்பார்கள். எஸ்ஜி90இன் எடை 9 கிராம், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். எம்ஜி996ஆர் கொஞ்சம் பெரியது, 'மெட்டல் கியர்'. பெரியதன் முறுக்குவிசை ஏறக்குறைய 10 கிலோ-சென்டிமீட்டர். அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 10 கிலோவைத் தாங்குகிற அந்த மோட்டார், 20 செ.மீ. நீளக் கையின் நுனியில் அரைக்கிலோவுக்கே திணறும். விரல்களும் அவற்றை அசைக்கும் மோட்டார்களும் அதே நுனியில்தான் உட்கார வேண்டும். பொருளைத் தூக்குவதற்கு முன்பே கை தன்னைத் தானே தூக்கிக் களைத்துவிடுகிறது.

ராட்சத ரோபோ விளையாட்டுகள் இந்தக் கணக்கைக் கண்டுகொள்வதில்லை. பதினைந்து மாடி உயர இயந்திரம் ஐந்து விரலோடு வந்து, முஷ்டியை மடக்கி, எதிராளியின் தாடையில் ஒன்று வைக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு மனித உருவத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் எடை ஆயிரம் மடங்காகும். எலும்பின் குறுக்குவெட்டோ நூறு மடங்குதான் கூடும். 70 கிலோ ஆள் 70 டன் ஆவான். எடையோடு ஒப்பிட்டால், அவனைத் தாங்கும் எலும்பு பத்தில் ஒரு பங்கு பலத்தோடு நிற்கும். 1638இல் கலிலியோ எழுதிவைத்த விஷயம் இது. ஜப்பானின் யோகோஹாமாவில் 2020 முதல் 2024 வரை காட்சிக்கு நின்ற 18 மீட்டர் 'கண்டம்' (Gundam) ரோபோவை 25 டன்னுக்குள் அடக்கினார்கள். அப்படியும் அது தன் காலில் நிற்கவில்லை. இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது.

வேகத்திலும் வில்லங்கம் உண்டு. தொங்கும் கை பத்து மடங்கு நீண்டால், அது வீசி முடிக்க மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான நேரம் பிடிக்கும். அதனால்தான் திரையில் பெரிய ரோபோவின் அடி மந்தமாகத் தெரிந்தால் நம்புகிறோம், விறுவிறுவென்று அடித்தால் பொம்மை என்கிறோம். மந்தம் என்பது கண்ணுக்குத்தான். முஷ்டியின் நுனி உண்மையில் நம் குத்தைவிட மூன்று மடங்கு வேகத்தில், ஆயிரம் மடங்கு எடையோடு வருகிறது. அவ்வளவு விசையும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குத்தியவனின் மணிக்கட்டுக்கும் திரும்பி வரும்.

இதை ஓரளவு புரிந்துகொண்ட விளையாட்டு ஒன்று உண்டு. 1984இல் அமெரிக்காவில் பலகை விளையாட்டாகத் தொடங்கிய பேட்டில்டெக்கில், குத்தின் சேதம் குத்தும் ரோபோவின் எடையில் பத்து டன்னுக்கு ஒரு புள்ளி. உதைக்கு ஐந்து டன்னுக்கு ஒரு புள்ளி. 100 டன் அட்லஸ் ரோபோ உதைத்தால் 20 புள்ளி, அதாவது மிகப்பெரிய பீரங்கிக் குண்டுக்குச் சமம். ஆனால் உதை தவறினால் உதைத்தவன் கீழே விழாமல் இருக்கப் பகடை உருட்ட வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவனின் நிலைமை அதுதானே! இரண்டு கையும் நல்ல நிலையில் இருந்தால் மரத்தைப் பிடுங்கித் தடியாக்கலாம். சிலம்பம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். கைக்கு வெளியே நீளும் கோல் எட்டும் தூரத்தைக் கூட்டுகிறது, உடைந்தால் கோல்தான் உடைகிறது.

நிஜத்திலும் ஒரு மோதல் நடந்தது. 2015இல் அமெரிக்காவின் மெகாபாட்ஸ் குழு ஜப்பானின் குராட்டாஸ் ரோபோவைச் சண்டைக்கு அழைத்தபோது, அதை உருவாக்கிய குராதா போட்ட நிபந்தனை, துப்பாக்கியோடு நிற்காமல் கைகலப்பும் இருக்க வேண்டும் என்பது. 2017 அக்டோபரில் வெளியான அந்த மோதலில் குராட்டாஸ் வேகமாக வந்து ஒரே குத்தில் அமெரிக்க ரோபோவை மல்லாக்கத் தள்ளியது. குத்தியது விரல்கள் அல்ல, வண்டியின் மொத்த எடை. அடுத்த சுற்றில் அமெரிக்கர்களின் பெரிய ரோபோ சங்கிலி ரம்பத்தோடு வந்து ஜெயித்தது.

நம் ஊர்க் கல்லூரி விழாக்களின் ரோபோ வார்ஸைப் பாருங்கள். அங்கே பேர் வாங்கும் இயந்திரங்கள் பலவற்றுக்குக் கையே கிடையாது. தட்டையான உடல், வேகமாகச் சுழலும் ஓர் இரும்பு உருளை அல்லது பட்டை. சுழற்சியில் சேமித்த ஆற்றலை ஒரே கணத்தில் எதிரிமேல் இறக்குகிறார்கள். 'எந்திரன்' படத்தின் உச்சக்காட்சியில் சிட்டி ரோபோக்கள் ஒன்றுசேர்ந்து பந்தாக உருண்டபோதுதான் இயற்பியல் அவர்கள் பக்கம் நின்றது என்பேன். மனித வடிவம் எடுத்தது ரசிகர்களுக்காக.

நம் கையே குத்துவதற்குத் தோதானதல்ல. 27 எலும்புகள் உள்ள அதை வைத்துச் சுவரில் குத்தினால் சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பு முறியும். மருத்துவர்கள் அதைக் குத்துச்சண்டை வீரர் முறிவு என்றே அழைக்கிறார்கள். ஆனால் பிடிப்பதில் அதற்கு இணை இல்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் முழங்கையை ஒட்டி இருக்கின்றன. நீண்ட தசைநாண்கள் மட்டும் விரல் வரை ஓடுகின்றன. நுனியில் எடை குறைவு.

ஆகவே விளையாட்டு செய்பவர்களே, ரோபோவுக்குக் கை வைத்தால் அடிக்க விடாதீர்கள், எடுக்க விடுங்கள்: விழுந்த தோழனை இழுக்க, உடைந்த பாலத்தை நகர்த்த, எதிரியின் ஆயுதத்தைப் பறிக்க. அடிக்கச் சம்மட்டி போதும். ரிச்சி தெருவில் சர்வோ வாங்கும் மாணவர்களே, மோட்டாரை விரலடியில் வைக்காமல் தோளருகே வையுங்கள், விரலைத் தூண்டில் நரம்பால் இழுங்கள். அதே எம்ஜி996ஆர் இன்னும் கொஞ்சம் எடையைத் தூக்கும்.