போய் வரும் ஜுரம்

மூளைக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம் மனத்தில் எழும் பயம் நியாயமானதே. பாக்டீரியாக்களால் உண்டாகும் மூளைச்சவ்வு அழற்சி ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோகவும், பிழைத்தவரின் செவிப்புலனைப் பறித்துவிடவும் வல்லது. ஆனால் அதே சவ்வைப் பற்றிக்கொண்டு, ஜுரம், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, குனிய விடாத கழுத்து விறைப்பு, வெளிச்சம் பொறாத கண் ஆகிய சகல லட்சணங்களோடும் சில நாள் வாட்டிவிட்டு, தானாகவே விலகிப்போய், மாதங்களோ வருஷங்களோ கழித்து மறுபடியும் வந்து நிற்கும் விசித்திர வியாதி ஒன்றும் உண்டு.

1944-ஆம் ஆண்டில் பியேர் மோலாரே என்னும் பிரெஞ்சு வைத்தியர் இதை விவரித்ததனால், அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நோயாளிகளின் முதுகில் ஊசி செலுத்தி எடுத்த நீரில், உருவிற் பெரிய அணுக்கள் சிலவற்றை அவர் கண்டார். அவை ஒருவகை வெள்ளணுக்களே என்று பின்னால் தெரிந்தது. வியாதியின் காரணமோ ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் புலப்படவேயில்லை. மரபணுவின் சிறு துணுக்கையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். பரிசோதனை வந்த பிறகே, 1990-களில், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் இரண்டாம் வகைதான் பெரும்பாலும் இதற்கு மூலம் என்பது வெளிப்பட்டது.

இந்த வைரஸ் பிறப்புறுப்பில் கொப்புளம் உண்டாக்குவது; ஆயினும் ஒரு கொப்புளமும் காணாமலே, முதுகின் அடிப்பகுதியிலுள்ள நரம்பு முடிச்சுகளில் பல வருஷம் உறங்கிக் கிடக்கக்கூடியது. ஆகையால், பரிசோதனைக் காகிதத்தில் அதன் பெயரைக் கண்டவுடன் கணவனோ மனைவியோ மற்றவரின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது, வியாதியைக் காட்டிலும் பெரிய தீங்கு.

முதலாம் வகை வைரஸ் மூளையையே தாக்கினால், மருந்தில்லாதவரில் பத்தில் ஏழு பேர் மாண்டுபோவார்கள். இரண்டாம் வகை பொதுவாகச் சவ்வோடு நின்றுவிடுகிறபடியால் முடிவு பெரும்பாலும் சுபமே. சிலருக்கு வலிப்பும் இரட்டைப் பார்வையும் தோன்றினாலும் அவையும் மறைந்துவிடுகின்றன. ஆனால் அது திரும்பி வருவதைத் தடுக்க வழி எளிதில் அகப்படவில்லை. 101 நோயாளிகளைக் கொண்டு சுவீடனில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாலசைக்ளோவிர் மருந்தைத் தினம் இருவேளை அரை கிராம் வீதம் ஓராண்டு கொடுத்தும் வியாதியின் வருகை குறையவில்லை. மருந்தை நிறுத்திய மறு ஆண்டில், அதை உண்டவர்களிடமே அதிகமாக வந்தது.

முன்பு வந்ததுதானே என்று வீட்டிலேயே படுத்திருப்பதும் கூடாது. க்ஷயரோகக் கிருமியும் பிற பாக்டீரியாக்களும் இதே வேஷத்தில் வரக்கூடும். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகூடச் சிலருக்கு இப்படிச் செய்வதுண்டு. ஒவ்வொரு முறையும் வைத்தியர் பார்த்தே தீரவேண்டும்.

இதே மோலாரே, 1959-இல் மொரீஸ் கூலோன் என்பவரோடு சேர்ந்து, செயற்கைச் சுவாசத்தால் இருதயம் துடித்துக்கொண்டிருந்தும் மூளை முற்றும் அவிந்துபோன 23 பேரைப் பற்றி எழுதினார்; மூளைச்சாவு என்று நாம் இன்று சொல்லும் நிலையின் முதல் தெளிவான சித்திரங்களில் அதுவும் ஒன்று. மனிதன் திரும்பி வர இயலாத அந்த எல்லையை வகுத்தவரே, இந்த வியாதியைச் சாதுவானது என்று அழைத்தவர். வியாதி திரும்பத் திரும்ப வருகிறதே என்று கலங்குகிறவர்கள், ஒவ்வொரு முறையும் நோயாளியும் திரும்பி வந்திருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.