பழைய லேப்டாப்புக்குப் பென்குவின் வைத்தியம்!

விண்டோஸ் 11 இந்த மெஷின்ல ஓடாதுனு உங்க லேப்டாப் கையை விரிச்சிருச்சா? அரியர் லிஸ்ட்ல சொந்தப் பேரைப் பார்த்த மாதிரி ‘திக்’னு இருந்திருக்குமே! புது லேப்டாப் கேட்டு அப்பாகிட்ட மனு போடுறதுக்கு முன்னாடி, ஒரு 8 ஜி.பி. பென் டிரைவும் ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒதுக்குங்க பாஸ்.

விஷயம் இதுதான். 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது மைக்ரோசாஃப்ட். பதிவு செய்துகொள்பவர்களுக்குக் கொஞ்ச காலம் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேணும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேணும். சீனியர்கிட்ட இருந்து கைமாறி வந்த மெஷின்கள் பலதும் இங்கேயே அவுட்! பாதுகாப்பு அப்டேட் இல்லாத லேப்டாப்பில் பணப் பரிமாற்றம் பண்றது, ரூமைப் பூட்டாம பர்ஸை வெச்சுட்டு மெஸ்ஸுக்குப் போற மாதிரி.

ஆனா, மெஷின் நல்லாத்தானே இருக்கு? மாத்த வேண்டியது ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும்தான். இங்கேதான் என்ட்ரி கொடுக்குது பென்குவின் சின்னம் போட்ட லினக்ஸ்!

நம்ம செட் பையன் செஞ்சது!

1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படிச்சிட்டு இருந்த 21 வயசு லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக எழுத ஆரம்பிச்சதுதான் லினக்ஸ். இன்னிக்கு உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ளே இருப்பதும் அதே கெர்னல்தான். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஒன்று விடாமல் எல்லாமே 2017 நவம்பரில் இருந்து லினக்ஸில்தான் ஓடுது.

நமக்கும் இது தூரத்துச் சொந்தம் இல்லை. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அண்ணன், அக்கா வாங்கின லேப்டாப்பில் அதை நாமதான் கண்டுக்காம தாண்டிப் போயிருப்போம்.

நான் பண்ணின பாவம்...

இன்ஸ்டால் கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பாவமன்னிப்பு. செகண்ட் இயரில் ரூம்மேட்டின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தர்றேன்னு கெத்தா உட்கார்ந்தேன். ‘டிஸ்க்கை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யவா?’னு கேட்டுச்சு. விண்டோஸ் இருக்கிற சி டிரைவை மட்டும்தான் அழிக்கும்னு நானே நினைச்சுக்கிட்டு ஓகே கொடுத்தேன். அது முழு ஹார்டு டிஸ்க்கையும் வழிச்சு எடுத்துருச்சு. டி டிரைவில் அவனோட மினி புராஜெக்ட், அவன் அக்கா கல்யாண போட்டோஸ்... எல்லாம் போச்சு!

புராஜெக்ட்டை ரெண்டு பேருமா உட்கார்ந்து திரும்ப எழுதினோம். போட்டோக்களில் பாதியைக் கல்யாண போட்டோகிராஃபர்கிட்ட வாங்கினோம். சொந்தக்காரங்க மொபைலில் எடுத்து அனுப்பினது கடைசி வரைக்கும் கிடைக்கலை. மூணு வாரம் அவன் என்கூடப் பேசலை. அதனால, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா, அது இதுவா இருக்கட்டும்: முதல்ல பேக்கப்! அதுவும் அதே லேப்டாப்பின் இன்னொரு டிரைவில் இல்லை. வெளி ஹார்டு டிஸ்க்கிலோ ஆன்லைனிலோ. காப்பி ஆனதும் நாலு ஃபைலைத் திறந்து பார்த்துடுங்க.

எதைத் தேர்ந்தெடுக்க?

லினக்ஸ் கடல்ல நூத்துக்கணக்கில் ரகங்கள் உண்டு. எது பெஸ்ட்னு ஹாஸ்டல்ல கேட்டா விடியவிடியச் சண்டை நடக்கும். முதல் தடவை போடுறவங்களுக்கு மூணு போதும்.

லினக்ஸ் மின்ட்: ஸ்டார்ட் மெனு, கீழே டாஸ்க்பார்னு விண்டோஸ் ஜாடை அப்படியே இருக்கும். முதல் நாளே கை பழகிடும்.

உபுண்டு: 2004-ல் இருந்து வருது. நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்தா 5 வருஷம் அப்டேட் கவலை இல்லை. எந்தப் பிரச்னைக்கும் யாராவது ஏற்கெனவே தீர்வு எழுதி வெச்சிருப்பாங்க.

லுபுண்டு அல்லது மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு: 4 ஜி.பி. ரேம் வெச்சுக்கிட்டு மூச்சு வாங்குற மெஷின்களுக்கு.

குழப்பமா? மின்ட்டை எடுங்க. பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், காசா பணமா!

டெஸ்ட் டிரைவ்!

லினக்ஸில் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் சுமார் 3 ஜி.பி. ஃபைலை இறக்குங்க. ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் மூலம் அதைப் பென் டிரைவில் எழுதுங்க. சும்மா காப்பி பேஸ்ட் பண்ணா வேலைக்கு ஆகாது. பென் டிரைவில் இருக்கிற படமெல்லாம் அழிஞ்சிடும், ஜாக்கிரதை! லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணி, பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தா, மின்ட் பளிச்சுனு வந்து நிக்கும். உங்க ஹார்டு டிஸ்க்கில் அதுவரைக்கும் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட் எல்லாத்தையும் அப்பவே சோதிச்சுடுங்க. சில வைஃபை கார்டுகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படும். அப்போ போனைக் கேபிளில் மாட்டி நெட் கொடுத்தால் சமாளிச்சுடலாம்.

போட்டுருவோமா?

எடுத்த எடுப்பில் விண்டோஸைத் தூக்க வேண்டாம். ரெண்டையும் வெச்சுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தா ரெகவரி கீயைத் தனியா எழுதி வைங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணுங்க. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஒரு 60 ஜி.பி. அளவுக்குக் காலி இடம் ஒதுக்குங்க. பிறகு இன்ஸ்டாலரில், விண்டோஸுக்குப் ‘பக்கத்தில்’ நிறுவும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்க. ‘அழி’ங்கிற வார்த்தை எங்கே வந்தாலும் கையை எடுத்துட்டு ரெண்டு தடவை படிங்க! சார்ஜர் மாட்டியிருக்கட்டும். மிச்சமெல்லாம் ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம்தான்.

ஒரு காமெடி: விண்டோஸுக்குத் திரும்பினா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். பயப்படாதீங்க. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமா எடுத்துக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமா எடுத்துக்கும். லினக்ஸில் ஒரு செட்டிங்கை மாத்தினா சரியாகிடும்.

எல்லாமே ஓடுமா?

ஓடாது. அதையும் சொல்லிடணும் இல்லையா! சி, பைத்தான், ஜாவா, ஆக்டேவ், மேட்லேப் எல்லாம் சூப்பரா ஓடும். ரிப்போர்ட் அடிக்க லிப்ரே ஆஃபீஸ் இருக்கு. தமிழ்99 கீபோர்டும் உண்டு. ஆனா, ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வேணும்கிற மெக்கானிக்கல், சிவில் மக்களுக்கு விண்டோஸ் தேவைதான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கான ஆன்லைன் தேர்வு மென்பொருள் சிலதும் விண்டோஸைக் கேட்கும். அதனாலதான் ரெண்டையும் வெச்சுக்கச் சொல்றேன்.

போன மாசம் என் ரூம்மேட்டே வந்து நின்னான். “மச்சி, லேப்டாப் ரொம்ப ஸ்லோ. மின்ட் போட்டுத் தர்றியா?” எனக்கு நம்பவே முடியலை. ஆசையா கை நீட்டினேன். லேப்டாப்பைக் கொடுக்காம, பையில் இருந்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எடுத்து என் கண்ணு முன்னாடி ஆட்டினான்.

“காப்பி முடியட்டும். அதுவரைக்கும் நீ தள்ளி உட்காரு!”