மாலத்தீவு: ரிசார்ட்டுக்கு அப்பால் ஒரு நாடு

மாலத்தீவுக்குப் போகிறவர்கள் பலரும் விமான நிலையத்திலிருந்து நேராக ரிசார்ட்டுக்குப் படகேறி, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். 1972-ல் குரும்பா ரிசார்ட் தொடங்கிய நாளிலிருந்து, விருந்தாளிக்கு ஒரு தீவு, குடிமக்களுக்கு வேறு தீவு என்றுதான் அங்கே சுற்றுலா வளர்ந்தது. 2009-க்குப் பிறகு விதி தளர்ந்து, மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் உள்ளூர்க்காரர்கள் விடுதி நடத்தத் தொடங்கினார்கள். மாஃபுஷியிலோ தர்பூசணி விளையும் தொட்டூவிலோ இரண்டு இரவாவது தங்குங்கள். செலவு குறையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நாட்டு மனிதர்களை அங்கேதான் பார்க்க முடியும்.

ஏறத்தாழ 1,190 தீவுகளில் மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. அத்தனை நிலமும் உயிர்கள் கட்டியது. பழைய எரிமலைகள் கடலுக்குள் அமிழ, அவற்றின் விளிம்பில் பவளங்கள் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்தன. வளையம் வளையமாகத் தீவுக்கூட்டங்கள் அமைந்தது அப்படித்தான். காலில் ஒட்டும் வெள்ளை மணலில் பெரும்பங்கு, கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்து, அரைத்துக் கழித்தது. தலைநகர் மாலேயில் 1658-ல் எழுந்த வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் சுவர்களும் பவளக்கல்தான். அதன் செதுக்கு வேலைப்பாட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் ஒன்றரை மீட்டர். கடல் சூடேறிய 1998-லும் 2016-லும் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளம் செத்தால் அலையைத் தடுக்கும் அரணும் போகும், புது மணலும் குறையும். ஆகவே, கடலில் முகமூடி மாட்டி மிதக்கும்போது பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். சட்டமும் அதை அனுமதிக்காது.

காலைச் சாப்பாட்டுக்கு ‘மாஸ் ஹுனி’ கேளுங்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் பிசைந்து, ‘ரோஷி’ என்னும் மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். அங்கே சூரையை வலை வீசிப் பிடிப்பதில்லை. படகின் பின்புறம் வரிசையாக நின்று தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். அதே மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தால் மாசிக் கருவாடு. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் மாசிச் சம்பல் இடிப்பவர்களுக்கு இந்த ருசி புதிதல்ல.

இது இஸ்லாமிய நாடு. குடியிருப்புத் தீவுகளில் மது கிடையாது. நாட்டுக்குள் கொண்டுபோகவும் கூடாது. நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். தெருவில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெள்ளிக்கிழமை பொதுப்படகுகள் பெரும்பாலும் ஓடாது என்பதால் பயண நாளைப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் சுற்றுலா விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும். ஆனால் திருக்கை மீன்களில் மிகப் பெரிதான மாண்டாவைப் பார்க்க ஆசையிருந்தால் தென்மேற்குப் பருவத்தில் போங்கள். அப்போது பா அட்டோல் என்னும் தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மிதவை உயிரிகள் குவிய, அவற்றைத் தின்ன மாண்டாக்கள் கூட்டமாக வரும். அங்கே காற்று உருளையோடு முக்குளிக்கத் தடை. மேலே மிதந்தபடி பார்க்கலாம்.